சனிக்கிழமைப் பல்

முதல்லயே சொல்லிடறேன், எனக்குச் சங்கீத ஞானம் சுத்தமா கிடையாது. யாராவது சுருதி, தாளம்னு ஆரம்பிச்சா கொட்டாவி வந்துடும். எனக்குத் தெரிஞ்சது பல்லு. பல் டாக்டருங்க வாயை அளவெடுத்து அனுப்புவாங்க, நான் லேப்ல உட்கார்ந்து பல் செட் செஞ்சு குடுப்பேன். முப்பது வருஷமா இதே பொழப்பு. எதிர்ல ஒருத்தர் சிரிச்சா நான் கண்ணைப் பார்க்க மாட்டேன், வாயைத்தான் பார்ப்பேன். முதல் தடவை பார்த்தப்போ தன்னையும் அப்படித்தான் பார்த்தேன்னு என் வீட்டுக்காரி இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறா. அவ கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறவ. நான் கடைவாய்ப் பல்லைப் பார்த்துட்டு இருந்த நேரத்துல அவ என் மூக்குக்கு எந்த ஃபிரேம் உட்காரும்னு பார்த்துட்டு இருந்தாளாம். அதை மட்டும் சொல்லிக் காட்டக் கூடாது.

இப்படிப்பட்ட நாங்க ரெண்டு பேரும் ஒரு ப்ளூஸ் கோஷ்டி பின்னாடி பதினேழு வருஷம் பைத்தியம் பிடிச்ச மாதிரி அலைஞ்சோம். எல்லாத்துக்கும் காரணம் ஒரு மெத்தை.

கல்யாணமான புதுசுல மெத்தை வாங்க ஒரு கடைக்குப் போனோம். சனிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி. கடைக்காரர் எங்களை ஒரு மெத்தையில உட்கார வெச்சு ஸ்பிரிங்கைப் பத்தி அளந்துட்டு இருக்கார், பின்னாடி குடோன்ல இருந்து ஒரு சத்தம் வருது. யாரோ மூச்சு வாங்கிக்கிட்டே புலம்பற மாதிரி. என் வீட்டுக்காரி எழுந்து போயிட்டா. நானும் போனேன். சுவர் ஓரமா மெத்தைங்க கூரை வரைக்கும் அடுக்கியிருக்கு, நடுவுல நாலு பேர் வாசிக்கறாங்க, பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை மேல பத்துப் பதினஞ்சு பேர் உட்கார்ந்திருக்காங்க. நாங்களும் உட்கார்ந்தோம். எழுந்தப்போ மணி ஏழரை. மெத்தை வாங்க மறந்துட்டோம். அடுத்த சனிக்கிழமையும் மறந்துட்டோம். ஒரு வருஷம் பாய்லதான் படுத்தோம்.

கோஷ்டி பேரு 'ஈரச் சாக்ஸ்'. மௌத் ஆர்கன் வாசிக்கறவர் தபால்காரர். முதல் ஒத்திகைக்கு மழையில நனைஞ்சு வந்து, சாக்ஸைப் பிழிஞ்சு கிட்டார் டீச்சரோட ஸ்பீக்கர் மேல காயப் போட்டுட்டாராம். டீச்சர் கத்துன கத்துல பேரு வந்துடுச்சு. டீச்சர்னா பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக் குடுக்கறவங்க. பாடறதும் அவங்கதான். டிரம்ஸ் கறிக்கடைக்காரர். அடியில டொம் டொம்னு பெரிய கிட்டார் வாசிக்கறவர் லிஃப்ட் மெக்கானிக்.

ப்ளூஸ்னா என்னன்னு ஒருநாள் டீச்சர்கிட்ட கேட்டேன். "ரொம்ப சுலபம். மனசுல ஒரு குறை இருக்கணும். அதை ஒரு தடவை சொல்லணும். திரும்ப அதையே இன்னொரு தடவை சொல்லணும். மூணாவது வரியில அதுக்கு ஒரு முடிவு சொல்லணும்"னாங்க.

என் வீட்டுக்காரி உடனே, "இதைத்தானே டீச்சர் நான் தினமும் வீட்டுல பண்றேன்! ரெண்டு தடவை மெதுவா சொல்றேன், மூணாவது தடவை கத்தறேன். யாரும் கை தட்டறதில்லையே"ன்னா.

அவங்க பாட்டுலயே எங்களுக்கு உசிரு ஒரு பாட்டுதான்.

"லிஃப்ட்டு நின்னு போச்சு, ஏழு மாடி ஏறணும்,
ஐயோ, லிஃப்ட்டு நின்னு போச்சு, ஏழு மாடி ஏறணும்,
மேல போனா கதவு பூட்டு, நாளைக்கும் நான் ஏறணும்."

இந்த வரி வரும்போதெல்லாம் லிஃப்ட் மெக்கானிக் தலையைக் குனிஞ்சுக்குவார். மூணாவது வரி முடிஞ்சதும் தபால்காரர் மௌத் ஆர்கனை வாய்க்குள்ள தள்ளுவார் பாருங்க. படிப்படியா ஏறுவார், மூச்சு வாங்கும், ஏழாவது மாடி வந்ததும் ஒரே ஒரு சத்தத்தைப் பிடிச்சு அப்படியே கீழ்ப்பக்கமா வளைப்பார். பூட்டுன கதவு முன்னாடி பையோட நிக்கற மனுஷன் அந்தச் சத்தத்துல இருப்பான். முதல் தடவை கேட்டப்போ எனக்கு ஏன்னே தெரியாம கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நான் ரெண்டாவது மாடிக்கு மேல ஏறுனவனே இல்ல.

அதுக்கப்புறம் அவங்க எங்க வாசிச்சாலும் நாங்க ஆஜர். டயர் கடைத் திறப்பு, நூலகத்துல புஸ்தகக் கண்காட்சி, ரத்ததான முகாம். ரத்ததான முகாமுல கேட்டுட்டு சும்மா வரக் கூடாதுன்னு ரெண்டு பேரும் ரத்தம் குடுத்தோம், நான் மயக்கம் போட்டேன். இன்னொரு தடவை ஹால் மாறிப் போய், கோஷ்டி இப்போ வரும், இப்போ வரும்னு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்டுங்க கூட்டத்துல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெளிய வரும்போது கையில ஒரு பாலிசி இருந்துச்சு.

எப்பவும் முதல் மெத்தைதான் எங்களுது. அங்கதான் என் வில்லங்கம் ஆரம்பிச்சது. தபால்காரர் மௌத் ஆர்கனை எடுக்கற ஒவ்வொரு தடவையும் அந்த மேல் வரிசை எனக்குத் தெரியும். முன்னாடி ரெண்டு பல்லுக்கு நடுவுல சந்து. அதுக்கு இடப்பக்கத்துப் பல்லு உள்பக்கமா மடங்கி நிக்கும், வகுப்புல ஒளிஞ்சு உட்கார்ற பையன் மாதிரி. கோரைப் பல்லு ஒண்ணு தூக்கிக்கிட்டு இருக்கும். எனக்குக் கை நமநமங்கும். பாட்டு ஒரு பக்கம் உருக்கும், பல்லு ஒரு பக்கம் உறுத்தும். "இந்த மனுஷன் வாயை மட்டும் என்கிட்ட குடுத்தா..."ம்பேன். "பாட்டைக் கேளுங்க"ன்னு வீட்டுக்காரி தொடையில கிள்ளுவா.

மத்தவங்க கையெழுத்து வாங்குவாங்க இல்ல, நான் கடி வாங்குனேன். சிரிக்காதீங்க. எங்க தொழில்ல ரோஸ் கலர் மெழுகுத் தகடு ஒண்ணு இருக்கு. வெந்நீர்ல காட்டி இளக்கிக் கடிக்கச் சொன்னா மேல் பல்லு, கீழ்ப் பல்லு ரெண்டும் அச்சு அசலா பதிஞ்சுடும். ரெண்டாவது மாசமே ஃபிளாஸ்க்ல வெந்நீரும் மெழுகுமா போய் நின்னேன். "அண்ணே, கையெழுத்தை யார் வேணா போடலாம். இதை ஒரு கடி கடிச்சுக் குடுங்க."

என் வீட்டுக்காரி என்னைத் தெரியாதவ மாதிரி மெத்தை விலை விசாரிக்கப் போயிட்டா. தபால்காரர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சார். "தம்பி, இதுவரைக்கும் நாய்தான் என்னைக் கடிச்சிருக்கு. என்னைக் கடிக்கச் சொன்ன முதல் ஆள் நீதான்"னு சொல்லி நல்லா அழுத்திக் கடிச்சுக் குடுத்தார். மானம் போச்சுன்னு வழி முழுக்கத் திட்டுனவதான், வீட்டுக்கு வந்ததும் பஞ்சு வெச்ச மூக்குக் கண்ணாடிக் கூட்டுல அதைப் பத்திரமா வெச்சதும். அவளுக்கும் அந்தக் கோஷ்டின்னா உசிருதான், என்னை மாதிரி வெளிய காட்டிக்க மாட்டா.

பதினோராவது வருஷம் அந்த விபத்து. தபால்காரர் சைக்கிள்ல போறப்போ, நின்னுட்டு இருந்த வேன் கதவை யாரோ பார்க்காம திறந்துட்டாங்க. நேரா வாய்ல. முன் பல்லு நாலு அங்கயே போச்சு. மிச்சமும் ஈறு கெட்டு ஆடிட்டுத்தான் இருக்குன்னு டாக்டர் மேல் வரிசை மொத்தத்தையும் எடுத்துட்டார். புண்ணு ஆறி அளவெடுக்க ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அது வரைக்கும் ஈரச் சாக்ஸ் மூணு பேரா வாசிச்சாங்க. மௌத் ஆர்கன் வர வேண்டிய இடத்துல டீச்சர் சீட்டி அடிச்சுப் பார்த்தாங்க, கறிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்து தாளம் போச்சு. மெத்தைங்க காலியாக ஆரம்பிச்சுது. தபால்காரர் மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, வாயைக் கைக்குட்டையால மூடிக்கிட்டு, எங்க பக்கத்துல உட்கார்ந்திருப்பார். விரல் மட்டும் முட்டியில தாளம் போடும்.

டாக்டர்கிட்ட நான் கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையை வாங்குனேன். "வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க டாக்டர், அது என் உரிமை"ன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுக் குடுத்தார்.

மூணு வாரம் மத்த வேலை எல்லாத்தையும் ஓரங்கட்டுனேன். கண்ணாடிக் கூட்டுல இருந்த மெழுகையும் எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கிட்டேன். பல்லோட அகலத்தை மட்டும் அதுல அளந்தேன். மத்தபடி? நடுவுல இருந்த சந்தை அடைச்சேன். மடங்குன பல்லை நிமிர்த்துனேன். கோரைப் பல்லைக் கீழ இறக்குனேன். ஒவ்வொரு பல்லுக்கும் வெளிச்சத்துல பார்த்து நிறம் சேர்த்தேன். பாலிஷ் போட்டு முடிச்சப்போ எனக்கே திருஷ்டி சுத்திப் போடணும்போல இருந்துச்சு. வீட்டுக்காரி கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"அழகா இருக்குங்க. ஆனா அவர் பல்லு இப்படி இல்லையே."

"அதைவிட நல்லா இருக்கு, இல்ல?"

"நல்லா இருக்கு"ன்னா. அந்தக் குரல்லயே நான் முழிச்சுக்கிட்டிருக்கணும். எங்க முழிச்சேன்? தலைக்கனம் அப்படி.

பல்லு மாட்டுன தபால்காரரைப் பார்க்கணுமே! பத்து வயசு குறைஞ்சுட்டார். தபால் வாங்கறவங்க எல்லாம் நிறுத்தி வெச்சுப் பேசறாங்களாம். அவர் வீட்டுக்காரம்மா லேபுக்கே போன் போட்டு, "இத்தனை வருஷத்துல இவரு போட்டோவுக்குச் சிரிச்சு இப்பதான் தம்பி பார்க்கறேன்"னாங்க. நான் தரையில நடக்கல.

அந்தச் சனிக்கிழமை குடோன் நிரம்பி வழிஞ்சுது. டீச்சர் நேரா லிஃப்ட்டுப் பாட்டைத்தான் ஆரம்பிச்சாங்க. ஒரு தடவை சொன்னாங்க, ரெண்டு தடவை சொன்னாங்க, மேல போனா கதவு பூட்டு. தபால்காரர் மௌத் ஆர்கனை எடுத்தார். நான் வீட்டுக்காரி கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

ஏறுனார். மூச்சே வாங்கல. ஏழாவது மாடி வந்துச்சு, அந்தச் சத்தத்தைப் பிடிச்சார், வளைச்சார், அது வளையவே இல்ல. சுத்தமா, இனிப்பா, நேரா நின்னுச்சு. மேல் வீட்டுக்காரங்க கதவைத் திறந்து, உள்ள கூப்பிட்டு, காபி குடுத்து அனுப்புன மாதிரி இருந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. மரியாதைக்குத் தட்டற கை. வீட்டுக்காரி என்னைக் கிள்ளக்கூட இல்ல. அதுதான் ரொம்பப் பயமா இருந்துச்சு.

திங்கக்கிழமை காலையில தபால்காரர் யூனிஃபார்மோட லேபுக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கார்னு நினைச்சேன். போட்டிருந்தாலும் தேவலை.

"பல்லு பிரமாதம் தம்பி. எது வேணா கடிக்க முடியுது. உனக்கு ஒரு நன்றி சொல்லணும்னு வந்தேன். வாசிப்பைத்தான் வர்ற சனிக்கிழமையோட விட்டுடலாம்னு இருக்கேன். டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். வயசாச்சு இல்ல, மூச்சு வரமாட்டேங்குது."

மூச்சு வரலையாம்! தபால் குடுக்க தினமும் ஏழு மாடி ஏறற மனுஷன்! எனக்குச் சுரீர்னு கோபம் வந்துச்சு, அவர் மேல இல்ல.

"அண்ணே, உட்காருங்க. அந்தச் சத்தத்தை வளைக்கும்போது நாக்கு எங்க போகும்?"

அவர் யோசிச்சார். வாயை லேசா திறந்து, நாக்கை உள்ள அலைய விட்டார். "அங்க ஒரு பல்லு மடங்கி இருக்கும்ல? அதுக்குப் பின்னாடி போய் முட்டும். முட்டி நிக்கும். இப்போ போய் நிக்க இடமில்ல, வழுக்கிட்டுப் போயிடுது. பழகிடும்னு பார்த்தேன், ஒரு வாரம் வீட்டுலயும் வாசிச்சேன், பழகல. அந்தச் சந்துலயும் கொஞ்சம் காத்துக் கசியும், அதுவும் ஒரு மாதிரி சேர்ந்து வரும்." அப்புறம் அவசரமா, "உன் மேல குத்தம் சொல்லலப்பா"ன்னார்.

"சொல்லுங்கண்ணே. குத்தம் என்னுதுதான். உங்க பல்லு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் எதிர்லயே உட்கார்ந்து பார்த்தவன். அச்சே என் கையில இருந்துச்சு. அதைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு, வேணும்னே மாத்திட்டேன். நான் பெரிய இவன்னு காட்டிக்கணும்னு மாத்திட்டேன். சனிக்கிழமைக்குள்ள உங்க பழைய பல்லை நான் தரேன்."

அவர் மூஞ்சி ஒரு நிமிஷம் பளிச்னு ஆச்சு, அப்புறம் தொங்கிப் போச்சு. "வீட்டுல விட மாட்டாளே. இந்தப் பல்லை மாத்துனா சோறு கிடையாதுன்னுடுவா."

"மாத்த வேண்டாம். இது மத்த நாளுக்கு. அது சனிக்கிழமைக்கு."

வாயைக் குடுத்துட்டேன், நாள் அஞ்சுதான் இருக்கு. அளவு அச்சு லேப்ல இருக்கு, அது பிரச்சனை இல்ல. பல்லு எங்கெங்க நின்னுச்சுன்னு சொல்ல அந்த ஒரு மெழுகுதான் இருக்கு. அதுல பிளாஸ்டர் ஊத்தணும். இறுகுனதும் வெந்நீர்ல போட்டு மெழுகை உரிச்சு எடுக்கணும். பதினோரு வருஷத்து மெழுகு, தொட்டாலே பொடியற மாதிரி இருக்கு. பிளாஸ்டர் தங்கும், மெழுகு தங்காது. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல கண்ணாடிக் கூட்டை முன்னாடி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரிகிட்ட விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா யோசிக்கறீங்க?"ன்னா.

"இது ஒண்ணுதானேம்மா இருக்கு அவரோடது. இனிமே வேணும்னாலும் கிடைக்காது. அந்த வாயே இல்ல."

அவ கூட்டைத் திறந்து மெழுகை எடுத்தா. கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் என் கையில வெச்சு, "கூட்டுக்குள்ள கிடந்து என்ன பாடிச்சு இது?"ன்னா. நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருந்துச்சு எனக்கு.

மறுநாளே ஊத்துனேன். வெந்நீர்ல மெழுகு சுருண்டு, கிழிஞ்சு, ரோஸ் கலர்ல மிதந்துச்சு. உள்ள அந்த வரிசை நுனி நுனியா நின்னுச்சு. சந்து, மடங்குன பல்லு, தூக்குன கோரை. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பல்லா வெச்சேன். நேரா வெக்கறது சுலபங்க, கோணலா வெக்கறதுதான் கஷ்டம். இத்தனை வருஷமா நிமிர்த்திப் பழகுன கை. வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டு வந்து பார்த்தா, அந்த மடங்குன பல்லை எனக்கே தெரியாம கொஞ்சம் வெளிய இழுத்து விட்டிருக்கேன். ரெண்டு தடவை என் கையை நானே அடிச்சுக்கிட்டேன். புதன்கிழமை தபால்காரர் வந்து, பல்லு இன்னும் புது மெழுகுலயே நிக்கறப்போ மாட்டிப் பார்த்தார். "ஊதிடாதீங்கண்ணே, பல்லு கழண்டுடும்"னு கத்துனேன். அவர் ஊதல. நாக்கை மட்டும் உள்ள கொண்டு போனார். போய் முட்டிச்சு போல. கண்ணை மூடிக்கிட்டார். கொஞ்ச நேரத்துக்குத் திறக்கவே இல்ல.

சனிக்கிழமை குடோன்ல பாதி மெத்தை காலி. கடைசி நாள்னு கேள்விப்பட்டவங்க மட்டும் வந்திருந்தாங்க. தபால்காரர் எங்க பக்கம் திரும்பி நின்னு, பளபளப் பல்லைக் கழட்டி ஒரு டப்பாவுல போட்டு டீச்சர்கிட்ட குடுத்தார். டீச்சர் அதை ஸ்பீக்கர் மேல வெச்சாங்க. இன்னொரு டப்பாவைத் திறந்து என் கோணல் பல்லை மாட்டிக்கிட்டார். அவர் வீட்டுக்காரம்மாவும் வந்திருந்தாங்க, "ஐயய்யோ, பழையபடி ஆயிட்டாரே"ன்னு தலையில கை வெச்சுக்கிட்டாங்க.

லிஃப்ட்டு நின்னு போச்சு. ஐயோ, லிஃப்ட்டு நின்னு போச்சு. மேல போனா.

ஏறுனார். ரெண்டாவது மாடியிலயே மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு. என் வீட்டுக்காரி முன்னாடி நகர்ந்து உட்கார்ந்தா. அஞ்சு, ஆறு, ஏழு. அந்தச் சத்தத்தைப் பிடிச்சார், இழுத்தார், அது கீழ்ப்பக்கமா வளைஞ்சு, வளைஞ்சு, இன்னும் கொஞ்சம் வளைஞ்சு நின்னுச்சு. கதவு பூட்டியே இருந்துச்சு. அப்பாடா! கறிக்கடைக்காரர் டிரம்ஸை விட்டுட்டு எழுந்து நின்னு கத்துனார். லிஃப்ட் மெக்கானிக் முதல் தடவையா தலையை நிமிர்த்துனார். தலையில கை வெச்சிருந்த வீட்டுக்காரம்மா கையை எடுத்துட்டு, "சரி, சனிக்கிழமை மட்டும்"னாங்க. நான் அழுதேன். ஞானம் இல்லாதவன் எதுக்கு அழுதான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

கடைசி நாள் கடைசி நாளா இல்லாம போச்சு. இன்னும் ஆறு வருஷம் வாசிச்சாங்க. நடுவுல ஒரு திங்கக்கிழமை அவசரத்துல டப்பா மாறி, சனிக்கிழமைப் பல்லோட தபால் குடுக்கப் போயிட்டார். ஒரு தெரு முழுக்க யாரு நீங்கன்னு கேட்டாங்களாம். டீச்சர் வேற இடத்துக்கு மாத்தலாகிப் போனதும்தான் ஈரச் சாக்ஸ் நின்னுச்சு. இப்போ அந்தக் குடோன்ல நிஜமாவே மெத்தை மட்டும்தான் இருக்கு.

ஆனா கடைசி நாள்னு நினைச்ச அந்தச் சனிக்கிழமை, பாட்டு எல்லாம் முடிஞ்சதும், கூட்டம் கலையற நேரம், தபால்காரர் கோணல் பல்லைக் கழட்டாமலே எங்க மெத்தைகிட்ட வந்தார். மெழுகு போன கதையை வீட்டுக்காரி அவர்கிட்ட சொல்லியிருக்கா, எனக்குத் தெரியாது. அவ பையில இருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தா. மூடியில வெந்நீர் ஊத்துனா. என் லேப்ல இருந்து எடுத்துட்டு வந்த புதுத் தகடு ஒண்ணை நனைச்சு அவர்கிட்ட நீட்டுனா. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி மெத்தை விலை கேட்கப் போனவ!

அவர் நல்லா அழுத்திக் கடிச்சார். என் கையில குடுத்தார். சந்து இருந்துச்சு, மடங்குன பல்லு இருந்துச்சு, தூக்குன கோரை இருந்துச்சு. வீட்டுக்காரி எட்டிப் பார்த்தா.

"ஏங்க, இப்போ இது யாரு கையெழுத்து? அவரோடதா, உங்களோடதா?"

அவர்தான் பதில் சொன்னார். "கீழ் வரிசை என்னுதும்மா. மேல் வரிசைக்குத் தம்பிதான் பொறுப்பு."

நான் அதைச் சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்கப் போனேன். உடம்புச் சூட்டுல இளகிடும்னு சொல்லி அவ பிடுங்கிக்கிட்டா. காலியா எடுத்துட்டு வந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து, பஞ்சை விரிச்சு, அதுல வெச்சு மூடுனா.